தீபாவளிப் பெட்டியில் வந்த உலர் பழங்கள்: பச்சடியிலா, பாயசத்திலா, குழம்பிலா?

குடமுருட்டிக்கரை (பாபநாசம்)

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு வந்த பரிசுப் பெட்டிகளில் முந்திரியும் பாதாமும் வந்த வேகத்தில் காலி. மிச்சம் நிற்பவை ஆரஞ்சு நிற ஆப்ரிகாட், கிரான்பெரி, கறுப்பாக உலர் பிளம், மாலையாகக் கோத்த அத்திப்பழம், அப்புறம் பச்சைப் பசேலென்று கிவி. சும்மா எடுத்து வாயில் போட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் ஆளில்லை. மாமனாருக்குச் சர்க்கரை, மாமியாருக்குப் பல் தகராறு, பிள்ளைகளுக்கு அலட்சியம்.

யூடியூபில் தேடினால் கேக்கில் போடு, ஓட்ஸில் போடு என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். தினம் அடுப்பில் ஏறுகிற குழம்பு, பச்சடி, சாதம், பாயசத்தில் இவை எங்கே உட்காரும்? இனிப்பு எப்படியும் ஒப்பேற்றிவிடலாம். காரத்தில் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் முதலில் சொல்லுங்கள்.

ஓரத்துத் திண்ணை (திருவாரூர்)

பெட்டியை மூடி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் அம்மா. அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். பொங்கலுக்குள் உங்களிடமே திரும்பி வந்துவிடும். ஊர் வழக்கமே அதுதான்.

மாயூரத்தான் (மயிலாடுதுறை)

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் போன வருஷத்து வாழ்த்து அட்டை இருந்தது.

மாவடு ஜாடி (மன்னார்குடி)

குடமுருட்டி, முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுப் பாரம்மா. பேரைப் பார்த்துப் பயப்படாதே. நாக்கில் புளிக்கிறதா, தித்திக்கிறதா? புளிப்பது நம் சமையலில் புளியின் இடத்துக்குப் போகும். தித்திப்பது வெல்லத்தின் இடத்துக்குப் போகும். இரண்டும் கலந்திருந்தால் நேராகப் பச்சடிக்குத்தான். ஆப்ரிகாட் அந்த மூன்றாவது வகை. மாங்காய் கிடைக்காத ஐப்பசி, கார்த்திகையில் மாங்காய்ப் பச்சடிக்கு அதை விட நல்ல மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

நான் செய்கிற விதம் இது. கொட்டை நீக்கிய ஆப்ரிகாட் ஒரு கைப்பிடி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நாலாக நறுக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதே, சுவை பாதி அதில்தான் இருக்கிறது. அதிலேயே மஞ்சள்பொடி, உப்பு, கீறின பச்சைமிளகாய் ஒன்று போட்டு வேகவிடு. துண்டுகள் ஓரம் கரைந்து நடுவில் கொஞ்சம் கடிபடும்போது வெல்லம் போட வேண்டும். மாங்காய்க்குப் போடுவதில் பாதி வெல்லம் போதும், பழத்திலேயே தித்திப்பு இருக்கிறது. வெல்லம் கரைந்து ஒரு கொதி வந்ததும் பச்சடி பளபளவென்று மின்னும், கரண்டியில் எடுத்தால் தயங்கித் தயங்கி விழும். அதுதான் பதம். மாங்காய்க்குச் செய்கிற மாதிரி அரிசிமாவு கரைத்து விடாதே, இந்தப் பழம் தானே கெட்டிப்படும். நெய்யில் கடுகு, வரமிளகாய் தாளித்துக் கொட்டு. சித்திரைப் பிறப்புக்கு என்றால் வேப்பம்பூவை நெய்யில் கருக வறுத்துத் தூவலாம்.

சாம்பார் சாதம், தேங்காய் சாதம் இரண்டுக்கும் பொருந்தும். தயிர் சாதத்துக்கு ஓரமாக வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஓரத்துத் திண்ணை (திருவாரூர்)

மாவடு அம்மா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் துருக்கியில் விளைந்து, கப்பலில் வந்து, பெட்டியில் அடைபட்ட பழத்தை நம் பச்சடியில் போட வேண்டிய தலையெழுத்து என்ன? நாளைக்கு வத்தக்குழம்பில் பிளம் போடச் சொல்வார்கள். அன்றைக்கு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

மாவடு ஜாடி (மன்னார்குடி)

வரமிளகாயே கடல் தாண்டி வந்ததுதானே சார்? சரி, அதை விடுங்கள். பழத்தைக் காயவைத்துக் காரத்தில் போடுவது நமக்குப் புதுசு இல்லை. மாவற்றலைக் குழம்பில் போடவில்லையா? இலந்தைப் பழத்தைப் புளி, மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு இடித்துத் தட்டிக் காயவைத்து இலந்தை வடை என்று பள்ளிக்கூட வாசலில் விற்கவில்லையா? உப்பு நார்த்தங்காய் யார் வீட்டில் இல்லை?

சின்ன சிங்கப்பூர் (கூத்தாநல்லூர்)

இலந்தை என்றதும் வந்துவிட்டேன். சிங்கப்பூரில் சீனர்கள் சூப்பில் போடுகிற சிவப்புப் பேரீச்சை உண்மையில் பேரீச்சையே இல்லை, நம் இலந்தையின் ஒன்றுவிட்ட அண்ணன். ஒரே குடும்பம், கொஞ்சம் பெரிசு, புளிப்பு குறைவு. கோழி சூப்பில் இஞ்சியோடு நாலைந்து போட்டு மெதுவாகக் கொதிக்கவிட்டால் சர்க்கரை இல்லாமலே ஒரு தித்திப்பு வரும். நான் நாட்டுக்கோழி மிளகு ரசத்தில் இரண்டு போடுவேன். மிளகின் காரம் தொண்டையில் இறங்கின பிறகு அந்தத் தித்திப்பு மெல்ல எழும். சளி பிடித்தால் வீட்டில் இதைத்தான் கேட்கிறார்கள்.

குடமுருட்டி அக்கா, உங்கள் பெட்டியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். மலேசியாவில் ஆசாம் கெப்பிங் என்று விற்பார்கள். ஒரு புளிப்புப் பழத்தை மெல்லிசாகச் சீவிக் காயவைத்தது. கேரளத்துக் குடம்புளிக்குப் பங்காளி, ஆனால் குடம்புளிக்கு உள்ள புகை மணம் இதில் கிடையாது. முத்துப்பேட்டைக் கொடுவா மீனுக்கு மூன்று துண்டு போடுங்கள். புளிக்கரைசல் விட்ட குழம்பு கலங்கிக் கெட்டியாகும், இதில் குழம்பு தெளிவாக நிற்கும், மீனின் ருசி மேலே வரும். ஆனால் துண்டைக் குழம்பிலேயே விட்டுவைத்தால் மறுநாள் புளிப்பு ஏறி வாய் கூசும். இறக்கினதும் எடுத்துவிட வேண்டும்.

அதிரைக் காத்து (அதிராம்பட்டினம்)

ஸலாம், வணக்கம் எல்லாருக்கும். காரத்தில் போட்டவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகாத வீடு குறைவு. திரும்பி வருகிறவர்கள் பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடி கறுப்பு எலுமிச்சை ஒரு பை இருக்கும். வளைகுடாவில் லூமி என்பார்கள். எலுமிச்சையை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி கொதிக்கவிட்டு, உள்சதை கறுத்து ஓடாகும்வரை வெயிலில் காயவைப்பது. கையில் எடுத்தால் கனமே இருக்காது, உலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும். அங்கே மச்பூஸ் சோற்றில் முழுசாகப் போடுகிறார்கள். நான் கறி ஆணத்தில், அதாவது கறிக் குழம்பில் போடுகிறேன்.

அரைக்கிலோ ஆட்டுக்கறிக்கு ஒரு லூமி போதும். லேசாகத் தட்டி இரண்டாகப் பிளந்து, விதையை ஒன்று விடாமல் எடுத்துவிடணும். விதையில்தான் கசப்பு. கறி பாதி வெந்த பிறகு போடணும். முதலிலேயே போட்டால் மேலோடும் கசப்பை இறக்கிவிடும். தக்காளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், புளி வேண்டவே வேண்டாம். ஆணம் கொதிக்கும்போது வருகிற வாசனை எலுமிச்சை மாதிரியும் இருக்கும், பழைய ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரியும் இருக்கும். எங்கள் மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை, இப்போது புளியாணத்திலும் ஒரு துண்டு கேட்கிறார்.

ஆப்ரிகாட்டும் கறிக்கு நல்ல ஜோடிதான். பம்பாய்ப் பார்சிக்காரர்கள் ஆட்டுக்கறியில் இதைப் போட்டு, மேலே தீக்குச்சி மாதிரி பொரித்த உருளைக்கிழங்கைத் தூவிச் சாப்பிடுவார்கள், ஜர்தாலு சாலி போட்டி என்று பெயர். நம் மசாலாவுக்கும் பொருந்துகிறது. ஆனால் தேங்காய் அரைத்து விடுகிற ஆணத்தில் போடாதீர்கள், திகட்டும். மிளகு தூக்கலாக, தேங்காய் இல்லாமல் சுண்டவைக்கிற கறியில், இறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போட்டால் பழம் முழுசாக நிற்கும்.

மாவடு ஜாடி (மன்னார்குடி)

லாத்தா, லூமி என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் எழுந்து போய் என் நார்த்தங்காய் ஜாடியைப் பார்த்தேன். உப்பும் வெயிலும்தானே இரண்டிலும். லூமி கிடைக்காதவர்கள் நன்றாகக் காய்ந்த பழைய நார்த்தங்காயில் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்கலாமா? உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதிரைக் காத்து (அதிராம்பட்டினம்)

தாராளமாக. ஆனால் நார்த்தங்காயில் கசப்பு இன்னும் கூட. கால் துண்டு போட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

லிட்மஸ் தாள் (தஞ்சாவூர்)

உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், இப்போது படிப்பில் பாதி அடுப்படியில்தான் உபயோகமாகிறது. பாயசம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. ஆப்ரிகாட், கிரான்பெரி, உலர் பிளம் எதையும் கொதிக்கிற பாலில் நேராகப் போடாதீர்கள். இவற்றில் அமிலம் கூடுதல். பாலின் பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 4.6-க்கு இறங்கினால் அதிலுள்ள கேசின் புரதம் திரண்டுவிடும். சூடு இருந்தால் அவ்வளவுகூட இறங்க வேண்டியதில்லை, அதற்கு முன்பே திரிந்துவிடும்.

வழி இரண்டு. பால் பாயசம்தான் வேண்டுமென்றால் பழத்தைத் தனியாகச் சர்க்கரையோடு வேகவைத்து, இரண்டையும் நன்றாக ஆறவிட்டுப் பரிமாறும்போது கலக்கலாம். இன்னொன்று, பாலையே விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்குப் போவது. தேங்காய்ப்பாலில் கேசின் கிடையாது. வெல்லப் பாயசத்துக்கு நம் வீடுகளில் தேங்காய்ப்பால் விடுகிற பழக்கம் இங்கே அப்படியே உதவும். பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால், நறுக்கிய ஆப்ரிகாட், கொஞ்சம் சுக்கு, ஏலம். முதல் பாலை விட்டபிறகு மட்டும் கொதிக்கவிடாதீர்கள்.

இன்னொன்று: சர்க்கரைப் பொங்கலுக்குத் திராட்சையை நெய்யில் போட்டால் உருண்டு உப்பும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் தோலைத் தள்ளுவதால் அது நடக்கிறது. கிரான்பெரி அப்படி உப்பாது. பெரும்பாலும் அதை இரண்டாக வெட்டி, புளிப்பு தாங்காது என்று சர்க்கரைப்பாகில் ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள். நெய்யில் போட்டால் அந்தச் சர்க்கரைதான் முதலில் கருகும். அடுப்பை அணைத்துவிட்டு நெய்யின் சூட்டிலேயே ஒரு புரட்டு புரட்டினால் போதும்.

குடமுருட்டிக்கரை (பாபநாசம்)

லிட்மஸ் தம்பி, அப்படியானால் கிரான்பெரியைப் புளியோதரைக்குப் பயன்படுத்த முடியுமா? புளிப்பும் தித்திப்பும் ரெடியாகவே இருக்கிறதே.

ஓரத்துத் திண்ணை (திருவாரூர்)

இதற்குத்தான் பயந்தேன்.

லிட்மஸ் தாள் (தஞ்சாவூர்)

புளிக்குப் பதிலாக முடியாது அக்கா. புளியில் டார்டாரிக் அமிலம், நாக்கில் சட்டென்று வெட்டும். கிரான்பெரியில் சிட்ரிக், மாலிக் எல்லாம் கலந்திருக்கிறது, அதோடு லேசான துவர்ப்பும் உண்டு. கடையில் வருவது பாதிக்கு மேல் சர்க்கரை. சோறு ஜாம் தடவினது போல் ஆகிவிடும்.

மாவடு ஜாடி (மன்னார்குடி)

தொக்காகக் கிளறு. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், அதில் வெந்நீரில் ஊறவைத்து அரைத்த கிரான்பெரி, நெல்லிக்காயளவு புளியின் கரைசல், மிளகாய்ப்பொடி, உப்பு. எண்ணெய் பிரிந்ததும் வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் ஸ்பூன். வெல்லம் போடவே போடாதே. அடைக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ள நன்றாகப் போகும். புளியோதரையைத் தொடாதே, திண்ணை சார் மனசு நோகும்.

பந்தி பரிமாறி (கும்பகோணம்)

சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். கல்யாண வீட்டில் இப்போது எல்லாரும் "ஏதாவது புதுசா வையுங்க அண்ணே" என்கிறார்கள். அதனால் இந்த உலர் பழங்களோடு நமக்கு நிறையப் பழக்கம்.

ஆப்ரிகாட் பச்சடி வைக்கிறோம். நூறு இலைக்கு ஒன்றரைக் கிலோ பழம் கணக்கு. மாவடு அம்மா சொன்ன முறைதான், பந்திக்காகக் கொஞ்சம் அன்னாசித் துண்டும் சேர்த்துக்கொள்வோம், அளவு காணும், விலையும் கட்டுப்படும்.

அத்திப்பழத்துக்கு என் கட்சி அசோகாதான். திருவையாற்று அசோகா எல்லாருக்கும் தெரிந்ததுதான்: குழைய வெந்த பாசிப்பருப்பு, நெய்யில் வறுத்த கோதுமை மாவு, சர்க்கரை, கேசரி கலர். அத்திப்பழத்தை வெந்நீரில் ஊறவைத்துக் காம்பைக் கிள்ளிவிட்டு விழுதாக அரைத்து, சர்க்கரை கரைந்து அல்வா இளகுகிற நேரத்தில் சேர்க்க வேண்டும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம். கலர் போட வேண்டாம், பழமே செம்பழுப்பாக ஒரு நிறம் கொடுக்கும். வாயில் போட்டால் அத்தி விதை நறநறவென்று படும். பெரியவர்கள் சிலர் மணல் என்று நினைத்து முகம் சுளிப்பார்கள், இலை போடும்போதே சொல்லிவிடுவேன்.

மாலையாகக் கோத்து வருகிற அத்தியை முழுசாக எதிலும் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் பிளந்து பாருங்கள். உள்ளே பூச்சி கூடு கட்டியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கடையில் மொத்தமாக வாங்கின மூட்டையில் பாதியை நான் அப்படிக் கொட்டியிருக்கிறேன். கடைக்காரர் அதற்கு ஈடு தரவே இல்லை.

மாயூரத்தான் (மயிலாடுதுறை)

பரிமாறி அண்ணே, பிரியாணிக்கு உலர் பிளம்?

பந்தி பரிமாறி (கும்பகோணம்)

வடக்கே ஆல்பக்காரா என்று போடுவார்கள், அது புளிப்புப் பிளம், வேறு சாமான். பரிசுப் பெட்டியில் வருவது தித்திப்புப் பிளம். சீரகசம்பா பிரியாணியில் அதைப் போட்டால் நெஞ்சை அடைக்கும். நம் பக்கம் பிரியாணிக்குப் பேரீச்சம்பழ ஊறுகாயை ஓரத்தில் வைக்கிறார்களே, அந்த இடத்தில் பிளம்மை வையுங்கள். வினிகர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம். சுருளக் கிளறினால் பேரீச்சையை விட இது மேல் என்பேன்.

அதிரைக் காத்து (அதிராம்பட்டினம்)

மேல் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. பேரீச்சம்பழ ஊறுகாய்க்குக் கை வைக்காதீர்கள்.

குடமுருட்டிக்கரை (பாபநாசம்)

மாமனாருக்காக ஒரு கேள்வி. சர்க்கரை போடாமல் பேரீச்சை, அத்தி மட்டும் போட்டுப் பாயசம் வைத்தால் அவர் சாப்பிடலாமா? வாட்ஸாப்பில் அப்படித்தான் சுற்றுகிறது.

லிட்மஸ் தாள் (தஞ்சாவூர்)

வாட்ஸாப்பை நம்பாதீர்கள். காய்ந்த பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பழத்திலிருந்து வந்தாலும் ரத்தத்தில் அது சர்க்கரையாகத்தான் சேரும். நார்ச்சத்து இருப்பதால் வெள்ளைச் சர்க்கரையை விடக் கொஞ்சம் மெதுவாக ஏறலாம், அவ்வளவுதான். அவருக்கு எவ்வளவு என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். உலர் பிளம் ஒன்றிரண்டு என்றால் மலச்சிக்கலுக்கு நல்லது, அதிலுள்ள சார்பிட்டால் குடலை இளக்கும். அதே காரணத்தால் அளவு கூடினால் ராத்திரி முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வீட்டில் ஆஸ்துமா யாருக்காவது இருந்தால் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டைக் கவனியுங்கள். துருக்கியின் மலாத்யாப் பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் கந்தகப் புகை காட்டினது, அதனால்தான் நிறம் அப்படியே நிற்கிறது. பாக்கெட்டில் 220 என்ற எண்ணைத் தேடுங்கள், கந்தகம் சேர்த்ததற்கான குறியீடு அது. சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கிளப்பும். புகை காட்டாத பழம் பழுப்பாக, அழகில்லாமல் இருக்கும். லடாக் பழம் அநேகமாக அப்படித்தான் வருகிறது. எனக்கு ருசி அதில்தான் கூட.

சின்ன சிங்கப்பூர் (கூத்தாநல்லூர்)

பழுப்பு ஆப்ரிகாட் எனக்கு ஒருமுறை கொட்டையோடு கிடைத்தது. உடைத்தால் உள்ளே பாதாம் மாதிரி பருப்பு. சாப்பிடலாமா?

பந்தி பரிமாறி (கும்பகோணம்)

ஹைதராபாத்தில் குபானி கா மீட்டா செய்யும்போது அந்தப் பருப்பைத்தான் உடைத்து மேலே தூவுவார்கள். பழத்தை ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரிலேயே வேகவிட்டு, சர்க்கரை சேர்த்து மசித்து, மேலே பாலாடை. நம் இலைக்கு அது வராது, கிண்ணத்தில் கொடுக்க வேண்டியது.

லிட்மஸ் தாள் (தஞ்சாவூர்)

தித்திப்பான பருப்பு என்றால் சரி. நுனியில் கடித்ததுமே கசந்தால் துப்பிவிடுங்கள். கசப்புப் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, வயிற்றுக்குள் போய் சயனைடை விடும். வறுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஓரத்துத் திண்ணை (திருவாரூர்)

இவ்வளவு தூரம் படித்துவிட்டேன், ஒன்று கேட்கிறேன். பழத்தில் சயனைடு, புகை, பூச்சி எல்லாம் பார்த்துப் பார்த்துச் சமைக்கத் தயாராக இருக்கிறீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடி சும்மா காய்கிறது. இங்கே எத்தனை பேர் வீட்டில் இந்த வருஷம் மாவற்றல் போட்டார்கள்? காற்றில் விழுந்த மாங்காய் தெருவில் உருள்கிறது. கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் பழம் வாங்கி மாங்காய்ப் பச்சடி மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். என் கோபம் ஆப்ரிகாட் மேல் இல்லை.

மாவடு ஜாடி (மன்னார்குடி)

இதற்கு என்னிடம் பதில் இல்லை சார். நான் போட்டேன். என் மருமகள் போட மாட்டாள், காலையில் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவள் மொட்டை மாடியில் காக்காய் விரட்ட முடியாது.

குடமுருட்டிக்கரை (பாபநாசம்)

திண்ணை சார், நான் வருகிற வருஷம் போடுகிறேன், சித்திரையில் அளவு கேட்டு வருவேன். இப்போது அடைமழை. பெட்டி அலமாரியில் இருக்கிறது, கிவி ஏற்கெனவே பிசுபிசுக்கிறது. எப்படி வைப்பது?

பந்தி பரிமாறி (கும்பகோணம்)

பெட்டியோடு வைக்காதீர்கள், அந்த வெல்வெட் துணியே ஈரத்தை இழுக்கும். வகைக்கு ஒரு கண்ணாடி பாட்டில், நன்றாகத் துடைத்துக் காய்ந்தது, ஃபிரிட்ஜில். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் தொட்டுப் பாருங்கள். அத்தியிலும் பிளம்மிலும் சர்க்கரை வெளியே வந்து அப்படிப் பூக்கும், வெந்நீரில் கரைந்துவிடும். பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை, முழுசும் குப்பைக்கு. ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் தை வரைக்கும் கவலையில்லை.

மாயூரத்தான் (மயிலாடுதுறை)

கிவியை எதில் போடுவது என்று கடைசி வரை யாருமே சொல்லவில்லையே?

லிட்மஸ் தாள் (தஞ்சாவூர்)

பெட்டியில் வருகிற பச்சைக் கிவி பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறி, நிறம் ஏற்றப்பட்டது. பழத்தின் புளிப்பு அதில் மிச்சம் இல்லை. பொடியாக நறுக்கி ரவா கேசரியில் டூட்டி ஃப்ரூட்டி இடத்தில் போட்டுத் தீர்த்துவிடுங்கள் அக்கா. குழம்பு பக்கம் கொண்டுபோக வேண்டாம்.